பயப்படத் தெரிந்தவனே பத்திரமாகத் திரும்புவான்!



நம் கல்லூரியில் ஒருவனை மட்டம் தட்ட வேண்டுமென்றால் நீளமான வசனம் எதுவும் தேவையில்லை. "டேய், இவன் பயந்தாங்கொள்ளிடா!" என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே நம்மில் பாதிப் பேர் தைரியசாலி வேஷம் போட்டுக்கொண்டு திரிகிறோம். நீச்சல் தெரியாதவன் அருவிக்குக் கீழே ஆழம் தெரியாத தடாகத்தில் இறங்குகிறான். பாறை நுனியில் நின்று செல்ஃபி எடுக்கிறான். கூட்டத்தில் ஒருவன் மட்டும் "வேணாம்டா" என்றால் அவனுக்கு அன்றைக்குப் புதுப் பட்டப்பெயர் கிடைத்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல. அதை மறைப்பதுதான் ஆபத்து. பயத்தை வாய்விட்டுச் சொல்லி, விஷயம் தெரிந்தவர் ஒருவர் பின்னால் நடக்கத் தெரிந்தவன்தான் வீடு வந்து சேருவான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு காடு. அதுவும் வெளிநாட்டுக் காடு!

"வெளிநாடா? நீயா?" என்று கேட்காதீர்கள். சொல்கிறேன்.

வாக்காளர் அட்டையோடு வெளிநாடு

என் தாய்மாமா யாத்திரை கோஷ்டிகளுக்குச் சமையல் மாஸ்டர். காசி, கயா, பத்ரிநாத் என்று பாத்திரம் பண்டங்களோடு ஊர் ஊராகப் போகிறவர். நேபாளத்தில் உள்ள முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால், நம் பக்கத்துப் பெரியவர்கள் வருஷா வருஷம் அங்கே போகிறார்கள். சென்ற மே மாதம் பரீட்சை முடிந்து சும்மா இருந்தபோது, "காய் நறுக்க ஒரு ஆள் வேணும், வர்றியாடா மாப்ளே?" என்றார் மாமா. கிளம்பிவிட்டேன்.

இந்தியர்கள் நேபாளத்துக்குப் போக விசா வேண்டாம். தரைவழியாகப் போனால் வாக்காளர் அட்டையே போதும். பதினெட்டு வயது ஆனதும் வாங்கிய அந்தப் புது அட்டையைத்தான் சுனவுலி எல்லையில் நான் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான்தான். நாட்டின் எல்லையைத் தாண்டியதில் மாமாவுக்கு அடுத்து நான்!

முக்திநாத் தரிசனம் முடிந்து திரும்பும் வழியில் சித்வன் தேசியப் பூங்காவை ஒட்டிய சௌராஹா என்ற ஊரில் இரண்டு நாள் தங்கல். மறுநாள் காலையில் காட்டுக்குள் நடைப்பயணம் என்று ஐந்து பேருக்குச் சீட்டு வாங்கியிருந்தார்கள். அதில் ஒரு பெரியவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. "தம்பி, என் டிக்கெட்ல நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. தெருநாய் துரத்தினாலே அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவன் நான். இது புலியும் காண்டாமிருகமும் கரடியும் யானையும் உள்ள காடு. அதுவும் ஜீப்பில் இல்லை, கால்நடையாக!

மூங்கில் கம்பும் நாலு பாடமும்

சித்வனில் பூங்காவுக்குள் நடந்து போகும் வெளியாட்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் கட்டாயம். குழுவுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். எங்களுக்கு முன்னால் வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். பின்னால் வந்தவர் நரைத்த தலைக்காரர், தாரு இனத்தைச் சேர்ந்தவர். இருவர் கையிலும் துப்பாக்கியைத் தேடினேன். ஆளுக்கொரு மூங்கில் கம்பு, அவ்வளவுதான். என் வயிற்றைக் கலக்கியது.

பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடக் கூடாது என்றார்கள். நான் நம் வொர்க்ஷாப் காக்கிச் சட்டையைத்தான் மாட்டியிருந்தேன். இளைய வழிகாட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். காக்கிக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டுப் பாராட்டு!

ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த படகில் ரப்தி ஆற்றில் போனோம். கரையில் முதலைகள் வெயில் காய்ந்தன. படகை விட்டு இறங்கியதும் காட்டுக்குள் கால் வைக்கும் முன்பே நிறுத்தி வைத்து வகுப்பு எடுத்தார் வழிகாட்டி. அவர் பேசிய இந்தியை எங்களோடு வந்த ரயில்வே ஓய்வுபெற்ற ஐயா தமிழில் சொன்னார். பாடம் இதுதான்:

காண்டாமிருகத்துக்குக் கண் மந்தம். ஆனால் காதும் மூக்கும் கூர்மை. 2,000 கிலோவைத் தாண்டும் உடம்பை வைத்துக்கொண்டு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வரும். வந்தால் மரத்தில் ஏறு. முடியாவிட்டால் பெரிய மரத்துக்குப் பின்னால் ஒளி. அதுவும் இல்லையா? நேராக ஓடாமல் வளைந்து வளைந்து ஓடு. பையையோ சட்டையையோ தூக்கிப் போடு. அது நின்று மோந்து பார்க்கும் நேரம் உனக்கு மிச்சம்.

கரடி வந்தால் ஓடாதே. எல்லோரும் ஒட்டி நில்லுங்கள், கம்பால் தரையில் தட்டுங்கள், சத்தம் போடுங்கள்.

புலியைப் பார்த்தால் முதுகைக் காட்டவே காட்டாதே. அதைப் பார்த்தபடியே மெல்ல மெல்லப் பின்னால் நகரு.

காட்டு யானை என்றால் தூரத்தில் கண்டபோதே திரும்பிவிட வேண்டும். அங்கே எந்த வித்தையும் பலிக்காது.

நண்பர்களே, இந்த நாலு பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு ஓட வேண்டும், ஒன்றுக்கு ஓடவே கூடாது. ஒன்றுக்குச் சத்தம் போட வேண்டும், ஒன்றுக்கு மூச்சுக்கூட மெல்ல விட வேண்டும். எதற்கு எது என்று வெறும் தைரியம் சொல்லித் தருமா? தராது! கட்டை எரிந்தால் தண்ணீர் ஊற்றலாம், கரண்ட் ஓடும் பேனல் எரிந்தால் ஊற்றக் கூடாது என்று நமக்குத் தெரிகிறதே, அது வீரமா? விஷயம் தெரிந்ததால் வந்த நிதானம்.

பாடம் முடிந்ததும் வழிகாட்டி ஒரு கேள்வி கேட்டார். "யாருக்குப் பயமாக இருக்கிறது?"

கூட வந்த அண்ணன்கள் இருவரும் சிரித்தார்கள். "நோ, நோ" என்றார்கள். டீச்சர் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் கையைத் தூக்கினேன். தூக்காவிட்டாலும் என் முழங்கால் ஆடியதே சொல்லியிருக்கும்! அவர் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துத் தனக்கு நேர் பின்னால் நிறுத்திக்கொண்டார். பிறகு ஐயா மொழிபெயர்த்துச் சொன்னார்: "பயப்படறவன் சொன்னா கேட்பான். அவன் என் பக்கத்துல இருக்கட்டும். பயமில்லைன்னு சொல்றவங்க நடுவுல வரட்டும், பின்னாடி என் ஆளு பார்த்துப்பார்னு சொல்றாருப்பா."

அன்றைக்கு அந்த வரிசையில் எனக்குக் கிடைத்த இடம் பயத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

ஒன்றுமே நடக்கவில்லை!

சால் மரக் காடு. நடுநடுவே ஆளை மறைக்கும் புல்வெளி. பெரியவர் போகிற போக்கில் நின்று நின்று காட்டினார். மரப்பட்டையில் கரடி நகம் கீறிய தடம். கரடி தோண்டிய கரையான் புற்று. மூன்று விரல் பதிந்த காண்டாமிருகக் காலடி. ஓரிடத்தில் சாணம் மலைபோலக் குவிந்திருந்தது. காண்டாமிருகங்கள் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து போடுமாம். பெரியவர் குனிந்து ஒரு காலடித் தடத்தின் விளிம்பை விரலால் தொட்டார். ஈரம் காயவில்லை. இளையவரிடம் ஏதோ சொன்னார். இருவர் நடையும் மாறியது.

நூறு அடி போயிருப்போம். முன்னால் போனவர் கை உயர்ந்தது. எல்லோரும் நின்றோம். புல்லுக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை. அந்தப் பாறை காதை ஆட்டியது! பக்கத்தில் ஒரு குட்டி. குட்டியோடு இருக்கும் தாய் எந்த மிருகமானாலும் ஆபத்து என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள்.

வழிகாட்டி வாய் திறக்கவில்லை. கையாலேயே எங்களை ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நகர்த்தினார். 'பயமில்லை' என்று சொன்ன ஓர் அண்ணன் படம் எடுக்க செல்போனை உயர்த்திக்கொண்டு பக்கவாட்டில் ஓர் அடி வைத்தார். பெரியவரின் மூங்கில் கம்பு சத்தமில்லாமல் அவர் மார்புக்குக் குறுக்கே வந்து நின்றது. தாய் தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அதற்குக் கேட்டுவிடுமோ என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. பிறகு அது குட்டியோடு புல்லுக்குள் திரும்பிப் போய்விட்டது.

அவ்வளவுதான் கதை. ஒன்றுமே நடக்கவில்லை!

விடுதியில் இதைச் சொன்னபோது, "என்னடா, துரத்தலையா? மரத்துல ஏறலையா?" என்று ஏமாந்து போனார்கள். இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த இருவரின் தொழில். நன்றாகச் செய்யப்படும்போது கண்ணுக்கே தெரியாத வேலை அது. நம் வொர்க்ஷாப்பிலும் அப்படித்தான். சக் கீயை லேத்திலேயே மறந்து வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்று முதல் நாளே சார் எச்சரிப்பார். தொளதொள சட்டைக் கையை மடிக்கச் சொல்வார். வருஷம் முழுக்க யாருக்கும் விரல் போகாமல் இருந்தால் அதற்காக அவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. விபத்தில் தப்பியவன் கதாநாயகன் ஆகிறான். விபத்தே வராமல் தடுத்தவரை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

யார் படித்தவர்?

அந்தப் பெரியவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை என்று சொன்னார்கள். ஆனால் மண்ணின் ஈரத்தைத் தொட்டு, மிருகம் எப்போது போயிருக்கும் என்று கணக்குப் போடுகிறார். நாம் வெர்னியர் காலிப்பரைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, வைவாவில் ரீடிங் சொல்லத் திணறுகிறோம்! அவர்களும் சும்மா வந்தவர்கள் அல்ல. பயிற்சி எடுத்து, தேர்வு பெற்று, உரிமம் வாங்கித்தான் காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போக முடியும். சித்வன் பகுதியில் மிருகம் தாக்கி வழிகாட்டிகளும் கிராமத்து ஜனங்களும் உயிரிழந்திருக்கிறார்கள். அது தெரிந்தும் தினமும் ஒரு கம்போடு போகிறார்கள்.

அந்தக் காட்டின் கதையும் கேட்க வேண்டியது. 1950கள் வரை அது கடுமையான மலேரியா பிரதேசம். வெளியாட்கள் தங்கவே பயந்தார்கள், தாரு மக்கள்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். பிறகு மருந்தடித்து மலேரியாவை ஒழித்ததும் ஜனங்கள் குடியேறினார்கள், காடு அழிந்தது. 1960களின் கடைசியில் சித்வனில் மிஞ்சியவை சுமார் 100 காண்டாமிருகங்கள் மட்டுமே. 1973இல் நேபாளத்தின் முதல் தேசியப் பூங்காவாக அதை அறிவித்தார்கள். 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் கள்ள வேட்டை மிகுந்து, 2005 கணக்கெடுப்பில் 372ஆகக் குறைந்திருந்த காண்டாமிருகங்கள் 2021இல் 694 ஆயின. 2022 கணக்கெடுப்பின்படி அங்கே 128 புலிகள்.

இந்த எண்கள் சும்மா ஏறவில்லை. பூங்கா வந்தபோது தங்கள் இடத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களில் தாரு மக்களும் உண்டு. காட்டைக் காப்பாற்றியதன் விலையை அவர்கள் கொடுத்தார்கள். 1996இல் பூங்காவைச் சுற்றி இடைப்பகுதி ஒன்று அறிவிக்கப்பட்ட பிறகுதான், பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் சுற்றியுள்ள கிராமங்களின் வளர்ச்சிக்குத் திரும்பும் ஏற்பாடு வந்தது. அதனால்தான் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுப்பதில்லை. அந்தக் காசு நம் உயிருக்கான கூலி மட்டுமல்ல. காடு உயிரோடு இருப்பதால் அந்த ஊருக்கும் சோறு உண்டு என்பதற்கான சாட்சி.

"இளைஞன் பயப்படலாமா?"

இப்படிக் கேட்கிற நண்பர்கள் உண்டு. "பயந்து பயந்து இருந்தா எப்படி முன்னேறுறது? ரிஸ்க் எடுக்கணும் மச்சான்!" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று நான் பயந்துகொண்டே காட்டுக்குள் போனேனே! பயம் என்னை அறையிலேயே படுக்க வைக்கவில்லை. ரிஸ்க் எடுப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதா? தெரிந்தவரைக் கேட்டு, அவர் சொன்னபடி காலை வைப்பதும் ரிஸ்க்தான். இரண்டாவதில் திரும்பி வந்து அடுத்த ரிஸ்க்கும் எடுக்கலாம்!

இன்னொரு வாதம்: "கைடுங்க காசுக்காகப் பயமுறுத்துவாங்க." அப்படிச் சிலர் எங்கேயும் இருக்கலாம். அதற்காக வொர்க்ஷாப்பில் கண்ணாடி போடச் சொல்பவர் கண்ணாடிக் கடைக்காரரின் ஆள் என்று சொல்வோமா?

இந்தப் பழக்கம் நம்மைப் போன்றவர்களிடம் இன்னும் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். பேங்க் பாரம் நிரப்புவதிலிருந்து போன் ரிப்பேர் வரை, "படிச்ச புள்ள, அவனுக்குத் தெரியும்" என்று வீட்டில் நம்பிக்கையோடு நீட்டுகிறார்கள். "தெரியாது" என்று சொன்னால் அம்மா முகம் வாடிவிடும். அதனால் தெரிந்த மாதிரி தலையாட்டக் கற்றுக்கொள்கிறோம். அதே தலையாட்டல் வகுப்புக்கும் வருகிறது. "புரிஞ்சுதா?" என்று சார் கேட்டால் அறுபது தலையும் ஒன்றாக ஆடுகிறது. நாளைக்கு இதே தலைகள் கம்பெனியில் பாய்லர் பக்கத்திலும் பிரஸ் மெஷின் பக்கத்திலும் நிற்கப் போகின்றன. அங்கே தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டினால் போவது மார்க் அல்ல, கை!

நம் ஊருக்கு வருவோம்

நேபாளத்துக் காடு நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை மறக்க முடியுமா? மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கோடையில் அந்தக் காட்டுக்குள் யார் கூட்டிப்போகலாம், எந்தப் பாதையில், யாருடைய அனுமதியோடு என்ற கேள்விகள் அத்தனை உயிர் போன பிறகுதான் உரக்கக் கேட்கப்பட்டன. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024இல் 40 பாதைகளுடன் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. அதில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக வருபவர்களில் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களும் உண்டு. நம் வயதுக்காரர்கள்! அவர்களை "ஏய்" என்று கூப்பிடாமல், நம் லேத் சாரைக் கூப்பிடுவதுபோல மரியாதையோடு கூப்பிட்டுப் பழகுவோம்.

நிறைவாக, யூனியன் நிர்வாகிகளுக்கும் நண்பர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள். அடுத்த டூருக்கு பஸ்ஸுக்கும் டிஜே பாக்ஸுக்கும் பணம் வசூலிக்கும்போது, உள்ளூர் வழிகாட்டிக்கும் தலைக்கு இருபது ரூபாய் சேர்த்து வசூலிப்போம். தண்ணீரில் இறங்கும் முன், மலை ஏறும் முன், "யாருக்குப் பயமா இருக்கு?" என்று ஒருவர் கேட்க வேண்டும் என்பதை விதியாக்குவோம். கை தூக்குகிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் முன்வரிசையில் நிறுத்துவோம். இதற்குப் பெரிய தீர்மானம் எதுவும் தேவையில்லை. வாயை அடக்கினால் போதும்.

எத்தனை பேர் டூருக்குப் போனோமோ அத்தனை பேரும் திரும்பி வந்து, "ஒண்ணுமே நடக்கலடா, செம போர்!" என்று சலித்துக்கொள்ளும்படி நம் ஒவ்வொரு பயணமும் அமையட்டும்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்